இரண்டாகத் தெரிந்த சாலை



நம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் லாரி, ரிக் வண்டி, விசைத்தறி இந்த மூன்றில் ஒன்றைத் தொடாத குடும்பம் அபூர்வம். மூன்றுக்கும் முதல் மூலதனம் கண்தான். ஆனால் கண் என்றதும் நமக்குப் புரையும் பவர் கண்ணாடியும்தான் ஞாபகம் வருகிறது. கண்ணை அசைக்கவென்று தனி நரம்புகள் இருப்பதும், அவை செயலிழப்பது பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? என் அப்பாவுக்கு வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது.

அப்பா லாரி டிரைவர். வயது 49. சென்ற வருடம் ஒரு நாள் முட்டை லோடு இறக்கிவிட்டு வந்தவர், "கண்ணு, எதுக்க வர்ற வண்டி ரெண்டு ரெண்டாத் தெரியுதுடா" என்றார். வலது கண் மூக்குப் பக்கம் திரும்பி நின்றது. வலப்பக்கம் பார்க்கச் சொன்னால் நடுவோடு நின்றுவிட்டது. "கண்ணு பட்டிருச்சு" என்று அப்பத்தா மிளகாய் சுற்றிப் போட்டார். கடையில் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். இரண்டிலும் கேட்கவில்லை. நான்காம் நாள் சேலத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். வீட்டில் இங்கிலீஷ் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், எல்லாவற்றையும் என்னிடமே விளக்கினார்.

அவர் முதலில் அப்பாவின் ஒரு கண்ணை மூடச் சொன்னார். இரண்டு உருவம் ஒன்றாகிவிட்டது. தனித்தனியே இரண்டு கண்ணும் நன்றாகவே பார்க்கின்றன, சேர்ந்து ஒரே பக்கம் திரும்பத்தான் முடியவில்லை என்று அர்த்தம்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவற்றுக்கு மூளையிலிருந்து வரும் நரம்புகள் மூன்று. ஆறாவது நரம்பு கண்ணை வெளிப்பக்கம் திருப்பும். நான்காவது நரம்பு கெட்டால் உருவம் மேலும் கீழுமாக இரண்டாகும், படி இறங்கும்போது அதிகம் தொந்தரவு தரும். மூன்றாவது நரம்பு நான்கு தசைகளோடு மேல் இமையையும் கவனிக்கிறது. அது போனால் இமை தொங்கிவிடும். அப்பாவுக்குப் போனது ஆறாவது. எலக்ட்ரிகல் படிக்கும் நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மோட்டார் நன்றாக இருக்கிறது, அதற்கு வரும் ஒயரில்தான் கோளாறு.

ஒயர் ஏன் கெட்டது? நரம்புக்கும் ரத்தம் வேண்டும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அந்த மெல்லிய ரத்தக் குழாயை அடைத்துவிடும். அன்றைக்குப் பார்த்தபோது அப்பாவின் பிரஷர் 180/110. சர்க்கரையும் இருந்தது. அதுவரை அவர் ஒரு தடவைகூடப் பரிசோதித்ததில்லை. கட்டி, தலைக்குள் அழுத்தம் என வேறு காரணங்களும் உண்டு என்பதால் ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் அப்பா வண்டி தொடவில்லை. அம்மா தறிக்குப் போனார். பத்தாவது வாரம் கண் நேராகிவிட்டது. இந்த வகை வாதம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே சரியாகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. "அதான் ஒண்ணாத் தெரியுதே, இன்னும் மாத்திரை எதுக்குடா?" என்றார் அப்பா.

நண்பர்களே, ஆபத்து இருப்பதே இந்தக் கேள்வியில்தான். தைவானிலும் தென்கொரியாவிலும் நாடு தழுவிய மருத்துவப் பதிவுகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த நரம்பு வாதம் வந்தவர்களுக்கு, வராதவர்களைவிடப் பின்னாளில் பக்கவாதம் அதிகம் வந்திருக்கிறது. காரணம் எளிது. கண் நரம்பின் குழாயைக் கெடுத்த அதே சர்க்கரையும் கொதிப்பும் மூளையின் குழாய்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கண் சரியானதால் குழாய் சரியாகிவிடாது.

அப்பாவிடம் நான் இப்படிச் சொன்னேன்: "ஃபியூஸ் போச்சுன்னா மாத்திட்டுப் போயிடலாங்க அப்பா. ஏன் போச்சுன்னு பாக்கலைன்னா அடுத்தது மோட்டாரே எரிஞ்சிடும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மாத்திரை டப்பாவை எடுத்து வரச் சொன்னார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவர் பெயரையும் பதிந்தோம். பீடியை விட்டுவிட்டார்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். திடீரென்று இரண்டாகத் தெரிந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இமை தொங்கி, கண்மணி விரிந்து, கடும் தலைவலியும் இருந்தால், மூளை ரத்தக் குழாய் புடைத்து வெடிக்கும் நிலையில் இருக்கலாம். இரட்டைப் பார்வையோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் வராமல் போனாலோ அது பக்கவாதமாகவே இருக்கலாம். இந்த இரண்டிலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

நம்மில் பலர் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். பாஸ் செய்து வேலைக்குப் போய்த்தான் குடும்பத்துக்கு உதவ முடியும் என்றில்லை. இந்த ஞாயிறு விட்டு அடுத்த நாளே அப்பா அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய், பிரஷரும் சர்க்கரையும் பார்த்து வாருங்கள். செலவில்லை, அரை நாள்தான் ஆகும்.

— இரண்டாம் ஆண்டு, மின்னியல் பிரிவு