கோப்பைத் திறந்து பார்த்தவர்

எம் சொந்த ஊர் சத்தியவேடு. படாஸ்கர் பரிந்துரையின்படி வகுத்த எல்லை 1960 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த எம் ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று அது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது.

அந்நாளில் எம் பெரியப்பா அங்கோர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். "இவ்வூர் சென்னை மாநிலத்திலேயே இருந்திருக்க வேண்டும்" என்று அலுவலகத்திலேயே வெளிப்படையாகச் சொல்வார். ஆந்திர அரசின் ஊதியம் பெறுபவர் இவ்வாறு பேசலாமா என்று உடன் பணியாற்றிய சிலர் மேலதிகாரியிடம் முறையிட்டனர். தெலுங்கரான அவ்வதிகாரி, பெரியப்பாவின் கோப்புகளை வரவழைத்து, தெலுங்கர் கொடுத்த மனு எதையேனும் அவர் கிடப்பில் போட்டாரா என்று ஆராய்ந்தார். ஒன்றும் இல்லை. "இவர் கருத்து எனக்கு உடன்பாடன்று, ஆனால் இவர் வேலையில் குறையில்லை" என்று கூறி முறையீட்டை முடித்துவிட்டார். பெரியப்பா ஓய்வு பெறும்வரை அப்பணியில் இருந்தார். தம் கருத்தையும் விடவில்லை. தெலுங்கு எழுத்தையும் கற்றுக்கொண்டார்.

இதனை இன்று நினைவுகூரக் காரணம் உண்டு. எம் உறவினரான இளைஞர் ஒருவர், உணவு வேளையில் மொழிக் கொள்கை பற்றிப் பேசியதற்காக அண்மையில் வேலை இழந்தார். அவர் செய்த வேலையை ஒருவரும் பழிக்கவில்லை. பிழைக்க வந்த ஊரில் வேலை போனால், வாடகை வீடும் பிள்ளைகளின் பள்ளியும் அதனோடு ஆட்டங்காணும் என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சங்கம் சேரும் உரிமை உண்டாயினும், அரசு வேலையில் நீடிக்கும் அடிப்படை உரிமை இல்லை என்று 1957இல் பாலகோடையா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அரசுப் பணியில் சேர்ந்ததனாலேயே ஒருவர் அடிப்படை உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்று 1962இல் காமேசுவர் பிரசாத் வழக்கில் அம்மன்றமே கூறிற்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியை மேலதிகாரியின் நேர்மையே நிரப்ப வேண்டும்.

உடன் பணிபுரிபவரைச் சாதியோ மொழியோ சொல்லி இழிவுபடுத்துவதும், ஆள் பார்த்து வேலையைத் தள்ளிப்போடுவதும் தண்டிக்கத் தக்கனவே. கேட்பவர்க்குக் கசந்தது என்பது மட்டுமே குற்றமாயின், எவர் வேலையும் நிலைக்காது.

நம்மவருள் பலர் இன்று கடையும் அலுவலகமும் நடத்துகின்றனர். ஊழியர் ஒருவரின் பேச்சைப் பற்றி அவர்களிடம் முறையீடு வருமாயின், சத்தியவேட்டு அதிகாரியைப் போல முதலில் கோப்பைத் திறந்து பார்ப்பார்களாக.