அத்தை கேட்ட கேள்வி

வீடு வாங்குவது என்பது இளம் பருவத்தில் செய்து முடித்துவிடுகிற காரியம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, கொத்தனாரோடு மல்லுக்கு நின்று ஒருவழியாகக் குடிபுகுந்துவிட்டால், அப்புறம் அந்தக் கவலை ஒழிந்தது. வயதான காலத்தில் திண்ணையில் சாய்ந்துகொண்டு, தாம் எழுப்பிய சுவரைத் தாமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். என் மாமாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். 74 வயதில் மறுபடியும் வீடு பார்க்கக் கிளம்புவோம் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

மாமா கும்பகோணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பிள்ளை ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அவன்தான் ஆரம்பித்துவைத்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் வயதானவர்களுக்கென்றே தனிக் குடியிருப்புகள் இருக்கின்றனவாம். சமையல், துணி வெளுப்பு, வைத்தியம் எல்லாம் வாசலுக்கே வந்துவிடுமாம். இரண்டு இடங்களைப் பொறுக்கி வைத்திருந்தான். இரண்டில் எது என்பதுதான் கேள்வி. நான் கோவைவாசி என்பதால், கூடப் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதே ஒழிய, உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் அரிசோனாப் பாலைவனத்தில் 1954ஆம் வருஷத்திலேயே முதியவர்களுக்காக யங்டவுன் என்று ஓர் ஊர் உண்டாயிற்று. அதற்குப் பக்கத்தில், 1960ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி, டெல் வெப் என்கிற கட்டடக் கான்டிராக்டரின் கம்பெனி ‘சன் சிட்டி’யைத் திறந்தது. கோல்ப் மைதானம், கடைத்தெரு, பொழுதுபோக்கு மண்டபம் எல்லாவற்றையும் முதலில் கட்டிக் காட்டிவிட்டு, அப்புறம் வீட்டை விற்றார்கள். அதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். திறப்பு விழாவையொட்டி வந்த கூட்டம் சுமார் 1,00,000 என்கிறார்கள். குழந்தை குட்டியோடு வருகிறவர்களுக்கு வீடு இல்லை என்று சொல்வது அந்நாட்டில் குற்றம். ஆனால் இப்படிப்பட்ட ஊர்களுக்கு விலக்கு உண்டு. 1995ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, குடியிருக்கிற 100 வீடுகளில் 80 வீடுகளிலாவது 55 வயது நிரம்பிய ஒருவர் இருந்தால் போதும். இவற்றை ‘ஆக்டிவ் அடல்ட்’ குடியிருப்புகள் என்கிறார்கள். அதாவது, கிழவர்கள்தாம், ஆனால் ஓடியாடுகிற கிழவர்கள். இந்த ‘ஆக்டிவ்’ என்ற சொல்லும் கடல் கடந்து கோயம்புத்தூருக்கு வந்துவிட்டது.

முதல் இடம் தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது. இறங்கியதுமே மனம் குளிர்ந்துவிட்டது. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. இரு பக்கமும் பாக்குத் தோப்பு. உள்ளே நீச்சல் குளம், தேகப் பயிற்சிக் கூடம், நூல் நிலையம், சினிமாக் கொட்டகை. சுற்றிக் காட்டிய இளைஞர் வாய்க்கு வாய் மாமாவை ‘சார்’ என்றார். மாமா குழந்தையாகிவிட்டார். “காவேரியிலே நீந்தினவன்டா நான்” என்று குளத்து நீரில் கையை விட்டு அளைந்தார்.

நிபந்தனைகளும் இருந்தன. 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் நிரந்தரமாகத் தங்கக் கூடாது. பேரப் பிள்ளைகள் வந்தால் ஒரு தடவைக்கு 15 நாள். மாமா, “பேரனுக்கு அவன் ஊரிலே ஒரு விசா, இங்கே ஒரு விசாவா?” என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அதுவரையில் வாயே திறக்காதவள், “தம்பி, இங்கே இருக்கிறவங்களுக்கு நினைவு தப்பிப் போச்சுன்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டாள்.

இளைஞர் ஒரு கணம் திகைத்தார். “இது ஆக்டிவ் சீனியர்களுக்கான இடம் அம்மா. தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்கிற வரைக்கும் ஒரு கவலையும் இல்லை. அப்புறம் சொந்தமாக ஆள் வைத்துக்கொள்ள வேண்டும். ரொம்ப முடியவில்லை என்றால், வேறு இடம் பார்த்துக்கொள்வதுதான் நல்லது.”

அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். மாமா குளத்திலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது இடம் வடவள்ளிப் பக்கம், பஸ் போகிற சாலையை ஒட்டி இருந்தது. நீச்சல் குளம் இல்லை. மலை தெரிய வேண்டுமானால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். ஆனால் நடை நெடுகச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஓடியது. குளியலறைத் தரை வழுக்கவில்லை. கதவுகள் சக்கர நாற்காலி புகும் அகலத்தில் இருந்தன. படுக்கைக்குப் பக்கத்தில் அவசர மணி. அத்தை இங்கேயும் அதே கேள்வியைக் கேட்டாள். நிர்வாகம் பார்க்கிற அம்மாள் பதில் சொல்லவில்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, “வாங்க” என்றார்.

பின்கட்டில் ஒரு தனிப் பகுதி. இரவும் பகலும் நர்ஸ் இருக்கிறாள். ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு வர்ணம். நம்பரை மறந்தவர்களும் வர்ணத்தைக் கொண்டு தம் அறையைக் கண்டுபிடித்துக்கொள்வார்களாம். ஒரு மூதாட்டி தன் கணவருக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். முன்கட்டில்தான் அவளுக்கு வீடு. மூன்று வேளையும் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். அத்தை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா வராந்தாவிலேயே நின்றுவிட்டார்.

மத்தியானம் அங்கேயே பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டோம். இத்தனை வருஷம் அடுப்படியை ஆண்டவளுக்கு அது குறையாக இருக்கும் என்று பயந்தேன். அத்தையோ தட்டைக் கழுவாமல் எழுந்து, “48 வருஷம் சமைச்சாச்சு, போதும்” என்றாள்.

அன்று மாலை என் வீட்டில் தீர்ப்புச் சொன்னேன். முதல் இடம்தான் சரி என்று அடித்துப் பேசினேன். இடம் பெரிசு, காற்று நல்லது, நாளைக்கு விற்றாலும் விலை போகும். மாமா ஆமோதித்தார். அத்தை பேசவில்லை. மாமா படுக்கப் போன பிறகு, பால்கனியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“போன ஆடியிலே பொற்றாமரைக் குளத்துக்கிட்டே நின்னுக்கிட்டு வீட்டுக்கு வழி தெரியாம முழிச்சிருக்காருடா. அவர்கிட்டே படிச்ச பையன் ஒருத்தன் கூட்டிக்கிட்டு வந்து விட்டான். காய்கறிக் கணக்குக் கூட்ட நாலு தடவை ஆகுது. கணக்கு வாத்தியார்டா அவரு. பிள்ளைகிட்டே சொல்லலே. சொன்னா பயந்துடுவான். இவருக்கும் தெரிய வேண்டாம், நொறுங்கிப் போயிடுவாரு.”

எனக்குப் பேச்சு எழவில்லை. விலை போகுமா என்று கணக்குப் போட்ட என் புத்தியை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனால் அவருக்குத் தெரியாமல் அவருக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது நியாயமாகவும் படவில்லை. முதலில் டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். அத்தை வெகு நேரம் யோசித்து ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் காலை உலாவப் போனபோது, மாமாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

“அவ அந்தக் கேள்வியை ஏன் கேட்டான்னு எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறே? எனக்கு எல்லாம் தெரியும்டா. தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. அதுக்காகத்தான் நீச்சல் குளத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.”

சிறிது தூரம் போனதும் மறுபடியும் சொன்னார்: “நான் போற இடத்துக்கு அவ நடந்தே வந்துட்டுப் போகணும். அதுக்கு எந்த வீடோ, அந்த வீட்டை வாங்கு.”

டாக்டர் பார்த்தார். மறதி நோயின் ஆரம்பம்தான் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவுக்கும் செய்தி போயிற்று. பிள்ளை பயப்படத்தான் செய்தான், ஆனால் அடுத்த விமானத்தில் வந்து சேர்ந்தான்.

வடவள்ளி வீட்டை வாங்க முடிவு செய்த பிறகுதான் காகிதங்களைக் கவனமாகப் படித்தேன். இந்த விஷயத்தில் இறங்குகிறவர்களுக்காக நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவைக்கிறேன். சில இடங்களில் வீடு கிரயமாகவே நம் பெயருக்கு வரும். சில இடங்களில் ஒரு தொகையை வைப்பாகக் கட்டி, ஆயுள் உள்ள மட்டும் குடியிருக்கும் உரிமைதான் கிடைக்கும். இரண்டும் ஒன்றல்ல. கட்டி முடியாத வீடானால், 2016ஆம் வருஷத்து மனை வணிகச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாங்குகிறவர்கள் கொடுக்கும் பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனிக் கணக்கில் வைக்கவும், கட்டடத்தில் பழுது கண்டால் 5 வருஷம் வரை சரிசெய்து தரவும் அந்தச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. ஓய்வுக்கால இல்லங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2019இல் மாதிரி நெறிமுறைகளும் வெளியிட்டிருக்கிறது. மாதக் கட்டணத்தை யார், எவ்வளவு உயர்த்தலாம், தம்பதியில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் நிலை என்ன, பிள்ளைகளின் காலத்தில் வீடு யாருக்கு என்பதையெல்லாம் எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். விசேஷ நாளில் போகாமல், சாதாரண நாளில் போய் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வியை அத்தை கேட்டுவிட்டாள். ஓடியாடுகிற காலத்துக்கு எந்த வீடும் சரிதான். ஓட்டம் நின்ற பிறகு அந்த வீட்டில் நமக்கு இடம் உண்டா?

தை மாதத்தில் குடிவந்தார்கள். வந்த முதல் வாரமே மாமா பெயின்டரைக் கூப்பிட்டு, முன்கட்டில் இருந்த தம் வீட்டுக் கதவுக்கு மஞ்சள் வர்ணம் அடிக்கச் சொன்னார். “இப்பவே எதுக்கு?” என்றாள் அத்தை.

“பாடத்தை முன்கூட்டியே படிச்சு வச்சுக்கணும்” என்றார் கணக்கு வாத்தியார்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். பெயர் உடனே வரவில்லை. ஆனால் உலாவிவிட்டுத் திரும்பும்போது, வரிசையாக இருந்த கதவுகளில் மஞ்சள் கதவை அவரே தட்டினார். உள்ளேயிருந்து, “வந்துட்டீங்களா?” என்று அத்தையின் குரல் கேட்டது.