நம்பர் குடுத்தாச்சு, கேட் மூடியாச்சா?

எங்க வீடு ஆவடி பக்கம், தண்டவாளத்துக்கு வடக்கே. காலேஜ் பூந்தமல்லி போற வழியில. நடுவுல ஒரு ரயில்வே கேட். காலையில எட்டே காலுக்கு கேட் போட்டுட்டா ஃபர்ஸ்ட் ஹவர் அட்டெண்டன்ஸ் போச்சுன்னு அர்த்தம். அவசரத்துல பல நாள் கேட்டுக்கு அடியில குனிஞ்சு போயிருக்கேன். அதனாலயோ என்னவோ, ஆறாவது செமஸ்டர் மினி ப்ராஜெக்டுக்கு எல்லாரும் ஆப் எழுதிக்கிட்டு இருந்தப்ப, நான் ஒரு ரயில்வே கேட்டை டெம்பொரல் லாஜிக்கில் எழுதி வெரிஃபை பண்றேன்னு சொல்லிட்டேன்.

டெம்பொரல் லாஜிக் பேருதான் பெருசு. "கேட் மூடியிருக்கிறது" என்பது இப்போ உண்மை, இன்னும் பத்து நிமிஷத்துல பொய். இப்படி நேரத்தோட மாறுற விஷயங்களைப் பேச, 'எப்போதும்', 'என்றாவது', 'அதுவரை' மாதிரி வார்த்தைகளுக்கு கணிதத்துல துல்லியமான அர்த்தம் குடுத்திருக்காங்க. இதை ப்ரோக்ராம்களுக்குப் பயன்படுத்தலாம்னு 1977-ல் கட்டுரை எழுதினவர் அமீர் ப்னூலி. 1996-ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. ஆபரேட்டிங் சிஸ்டம், ரயில் சிக்னல் எல்லாம் ஓடி முடிஞ்சு ஒரு விடை தர்ற ப்ரோக்ராம் இல்ல, ஓடிக்கிட்டே இருக்கும். அதனால "விடை சரியா"ன்னு கேட்க முடியாது. "எப்போதும் ஒழுங்கா நடந்துக்குமா"ன்னுதான் கேட்கணும். நாம எழுதின மாடல்ல நடக்கக்கூடிய எல்லா வழியையும் மாடல் செக்கர் போய்ப் பார்க்கும். தப்பு இருந்தா, எந்த வரிசையில நடந்தா அந்தத் தப்பு வரும்னு காட்டிக் குடுக்கும்.

நான் எழுதின முதல் வரி:

எப்போதும் (ரயில் கிராஸிங்கில் → கேட் மூடியிருக்கிறது)

ஸ்பின் என்ற மாடல் செக்கர்ல ஓட்டினேன். எரர் ஜீரோ. ராத்திரி பன்னெண்டு மணிக்கு க்ரூப்ல ஸ்க்ரீன்ஷாட் போட்டுட்டுத்தான் தூங்கினேன்.

எங்க தாத்தா கேட் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவர். காலையில காபியோட அவர்கிட்ட போய், "தாத்தா, நீங்க பார்த்த வேலைய கம்ப்யூட்டர்ல சரி பார்த்துட்டேன்"னு பெருமையா சொன்னேன். முழுசா கேட்டுட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"சரிடா, கேட்டு எப்ப தொறக்கும்?"

போய்ப் பார்த்தா, என் மாடல்ல ஒரு பக். முதல் ரயிலுக்கு மூடின கேட் அப்புறம் திறக்கவே இல்ல. எப்பவும் மூடியே இருக்கிற கேட் நூறு சதவீதம் பாதுகாப்பானது! கெட்டது நடக்கக்கூடாதுங்கிறது ஒரு வகை, அதுக்குப் பேர் சேஃப்டி. நல்லது என்றாவது நடந்தே ஆகணும்ங்கிறது இன்னொரு வகை, அது லைவ்னஸ். நான் பாதிதான் எழுதியிருந்தேன். அடுத்த வரியைச் சேர்த்தேன்:

எப்போதும் (கேட் மூடியிருக்கிறது → என்றாவது கேட் திறக்கும்)

பக்கை சரி பண்ணியும் ஸ்பின் ஒத்துக்கல. ஒண்ணு பின்னால ஒண்ணா ரயில் வந்துக்கிட்டே இருந்தா கேட் திறக்கவே திறக்காதுன்னு ஒரு முடிவில்லாத சுற்றைக் காட்டுச்சு. எங்க லைன்ல காலையில நிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். நடுநடுவே இடைவெளி கிடைச்சுக்கிட்டே இருக்கும்னு ஒரு அனுமானம் சேர்த்தப்புறம்தான் பாஸ் ஆச்சு.

மறுபடி தாத்தாகிட்ட போனேன். இன்டர்லாக்கிங் இல்லாத கேட்ல வேலை எப்படி நடக்கும்னு இந்த முறை அவரே விளக்கினார். ஸ்டேஷன் மாஸ்டர் போன் பண்ணுவார். கீப்பர் கேட்டை மூடிப் பூட்டிட்டு, தன்கிட்ட இருக்கிற ஷீட்ல அடுத்து வர்ற ப்ரைவேட் நம்பரைச் சொல்லணும். அதைக் குறிச்சுக்கிட்டுத்தான் மாஸ்டர் வண்டிக்கு சிக்னல் குடுப்பார்.

"அதைத்தான் தாத்தா எழுதியிருக்கேன், பாருங்க. மூடு, நம்பர் சொல்லு. ரெண்டும் ஒரே ஸ்டெப்."

"நம்பர் சொல்றது வாயி. கேட்டு மூடறது கையி. ரெண்டும் எப்படிடா ஒண்ணாகும்?"

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், இதுவரை வீட்ல யார்கிட்டயும் சொல்லாததைச் சொன்னார். ஒரு ராத்திரி, நல்ல காய்ச்சல். அரைத்தூக்கத்துல நம்பரைச் சொல்லிட்டார். ஹார்ன் சத்தம் கேட்டுத்தான் கேட் திறந்திருக்கிறது ஞாபகம் வந்து ஓடியிருக்கார். ரோட்டுல யாரும் இல்ல. "யாரும் இல்லைங்கறதால நான் இன்னிக்கு உன் கூட காபி குடிக்கிறேன்"னார்.

ரெண்டையும் தனித்தனி ஸ்டெப்பா பிரிச்சேன். ஸ்பின் உடனே எதிர் உதாரணம் குடுத்துச்சு: போன் வந்தது, நம்பர் சொன்னது, சிக்னல் விழுந்தது, ரயில் வந்தது, கேட் திறந்திருந்தது. தாத்தாவோட அந்த ராத்திரி, அஞ்சு வரியில ஸ்க்ரீன்ல இருந்துச்சு.

2025 ஜூலை 8-ம் தேதி கடலூர் பக்கம் செம்மங்குப்பத்துல ஸ்கூல் வேன் மேல ரயில் மோதி மூணு மாணவர்கள் இறந்தது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். இன்டர்லாக்கிங் இருந்தா, கேட் பூட்டினாலொழிய சிக்னல் சிவப்புல இருந்து மாறாது. அதாவது சிக்னல் யார் வார்த்தையையும் நம்பாம, கேட்டோட நிலையையே பார்க்குது. என் மாடல்ல அந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்ததும் முதல் வரி நிஜமாவே பாஸ் ஆச்சு. ரயில் எண்ணிக்கையை ரோட்டு வாகன எண்ணிக்கையால பெருக்கி ஒரு அளவு வெச்சிருக்காங்க. அது 20,000-ஐத் தாண்டின கேட்களுக்குத்தான் முன்னாடி இன்டர்லாக்கிங். விபத்துக்குப் பிறகு அந்த வரம்பை 10,000-ஆ குறைக்க ரயில்வே உத்தரவிட்டுச்சு.

ரிவ்யூவில், "ரெண்டு ஸ்டெப்பையும் ஏன் பிரிச்சீங்க?"ன்னு கேட்டாங்க. அந்த வேலையைச் செஞ்சவர்கிட்ட கேட்டேன்னு சொன்னேன். மாடல் செக்கர் நான் எழுதினதை மட்டும்தான் சரி பார்க்கும். எழுத மறந்ததை அது கேட்காது, தாத்தாதான் கேட்டார். இதைப் படிக்க ஆசை இருந்தா, சிறுசேரி சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டின் பி. ஸ்ரீவத்சன் நடத்தின மாடல் செக்கிங் பாடம் என்பிடெல்ல இலவசமா இருக்கு.

இப்பவும் எட்டே காலுக்கு கேட் போடறாங்க. ஆனா நான் குனிஞ்சு போறதை விட்டுட்டேன். என் மாடல்ல ரயில் இருக்கு, கேட் இருக்கு, சிக்னல் இருக்கு. கேட்டுக்கு அடியில குனிஞ்சு போற பையன் மட்டும் இல்ல. அவன் பாதுகாப்பா இருப்பான்னு நான் எங்கேயும் நிரூபிக்கல.