இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் ஒரு மல்டிமீட்டரும்

ரமலானுக்குச் சில நாட்களே இருந்தபோது எங்கள் பள்ளிவாசலின் ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிட்டது. புதியது வாங்கும் பொறுப்பை ஜமாஅத்தார் என்னிடம் ஒப்படைத்தனர். திண்டிவனத்துக் கடையொன்றில் இரண்டைக் கேட்டுப் பார்த்தேன். விலை கூடியதில் கிராஅத் மிகத் தெளிவாக ஒலித்தது. முன்பணம் எடுக்கக் கை பைக்குள் சென்றுவிட்டது.

உடன் வந்த நண்பர் மேல்சித்தாமூர்க்காரர், சமணர், ரேடியோ பழுதுபார்ப்பதில் தேர்ந்தவர். "கொஞ்சம் பொறுங்க பாய்" என்று தடுத்து, ஒரே சீரான தொனியை இரண்டிலும் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார். ஒன்றில் 5.0 வோல்ட், விலை கூடியதில் 5.6. ஏறத்தாழ ஒரு டெசிபெல் வேறுபாடு. இத்தனை சிறிய வேறுபாட்டைச் செவி பெரும்பாலும் சத்தமென்று உணர்வதில்லை, தெளிவு என்றே எண்ணிக்கொள்கிறது. ஒலி குறையும்போது தாழ்ந்த சுரங்களே நம் செவிக்கு அதிகம் மங்குகின்றன என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினர்.

நண்பர் இரண்டையும் 5.0க்குக் கொண்டுவந்து, என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். பத்து முறை மாற்றினார். ஐந்து முறை தவறாகச் சொன்னேன்.

அளவையில் மோசம் செய்வோரைப் பற்றிய முதஃப்பிஃபீன் அத்தியாயம் வியாபாரிகளுக்கானது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். கடைக்காரர் எந்த மோசமும் செய்யவில்லை. ஊர்ப் பணத்தை வைத்துக்கொண்டு அளக்காமல் தீர்ப்புச் சொல்ல இருந்தவன் நான்தான்.

விலை குறைந்ததையே வாங்கினோம். மீந்த தொகையை அன்று மாலையே முத்தவல்லியிடம் கணக்குடன் கொடுத்தேன்.