காலைப் பார்க்கிறவர்

வாத்தியாருக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்காது, கால் நிற்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவரைக் காட்டி, "குதியை அழுத்தி நடக்கான் பாரும்வே, இவனைச் சாய்க்க ஒரு தட்டு போதும்" என்பார். போகிறவர் பாவம், தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருப்பார்.

சிலம்பம் கற்க வந்தவன் கையில் அவர் லேசில் கம்பைக் கொடுத்ததில்லை. முதலில் காலடிதான். வெறுங்காலோடு மண்ணில் மாதக்கணக்காக அதே முன்வைப்பு, பின்வைப்பு, திருப்பம். பாதிப் பேர் ஓடிப்போவார்கள். "ஓடுதது நல்லாத்தான் ஓடுதான்" என்று அதையும் ரசிப்பார். நின்றவனுக்குக் கம்பு, ஊன்றினால் அவனவன் புருவத்தைத் தொடும் உயரம். கணு நெருக்கமான மூங்கிலாகப் பார்த்து, தணலில் வாட்டி நெளிவெடுத்து, எண்ணெய் தடவி அவரே தருவார். காசு வாங்கமாட்டார். வாங்கியிருக்கலாம் என்பது அவர் வீட்டு அம்மாவின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

எம்.ஜி.ஆர். நிஜமாகவே கம்பு பழகியவர் என்பதில், ஏதோ சொந்தக்காரர் மாதிரி அவருக்கு ஒரு பெருமை. 1963-ல் வந்த 'பெரிய இடத்துப் பெண்'ணை டிவியில் போட்டால் எனக்கு ஆள் அனுப்பிவிடுவார். சிலம்பப் போட்டி வந்ததும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்காருவார். நாங்கள் கம்பைப் பார்ப்போம்; அவர் திரையின் அடிவிளிம்பைப் பார்ப்பார். காமிரா இடுப்புக்கு மேலே ஏறினால் போச்சு. "ஏலே, காலைக் காட்டுலே!" என்று, எந்தக் காலத்திலோ வேலையை முடித்துக்கொண்டு போன காமிராக்காரரை வைவார். ஒருநாள் விளம்பர இடைவேளையில், மறைந்துபோன அந்தக் காலடி எப்படி இருந்திருக்கும் என்று காட்ட முற்றத்தில் இறங்கினார். எழுபதைத் தாண்டிய உடம்பு. கைலியை மடித்துக் கட்டினார். தோள் அசையவில்லை, பெருவிரல் மட்டும் மண்ணில் பிறைபிறையாகக் கோடு கிழித்துக்கொண்டு போயிற்று. படம் மறுபடி ஆரம்பித்தது. யாரும் உள்ளே போகவில்லை.

அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்த பிறகு கூட்டம் கூடியது. நல்லதுதான். ஆனால் "எத்தனை மாசத்துல சர்டிபிகேட் கிடைக்கும்?" என்று தகப்பன்மார் கேட்டால் பதில் சொல்லமாட்டார். பையனைச் செருப்பைக் கழற்றச் சொல்வார்.

வாத்தியாரின் கடைசி ஊர்வலத்தில், தேருக்கு முன்னால் அந்தப் பையன்கள்தான் ஆடினார்கள். கம்பு கண்ணுக்குத் தெரியாத வேகம், தெருவே விசிலடித்தது. எனக்கோ பார்வை கீழேயே போனது. முன்வரிசையில் ஒருவன் பின்காலை இழுத்து இழுத்து வைத்தான். எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? "காலைத் தூக்கி வையிலே!" என்று கத்திவிட்டேன்.

பக்கத்தில் நின்ற மூத்த சீடர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்தார். "விடுங்க அண்ணாச்சி, அவன் சேர்ந்தே ரெண்டு மாசந்தான் ஆகுது. கம்பையே இன்னைக்குத்தான் நான் கொடுத்தேன்."