ஏரியைக் காணோமே!

நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

எங்க அம்மாயிக்குக் கண்ணில் புரை. அதனால் 'பொன்னியின் செல்வன்' 5 பாகத்தையும் நான்தான் வாசித்துக் காட்டணும். கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய தொடர்கதை அது. எனக்கு வந்தியத்தேவன் குதிரையில் போகணும், யாராவது துரத்தணும். வர்ணனை வந்தால் கொட்டாவிதான்.

கதை ஆரம்பிப்பதே ஆடிப்பெருக்கு அன்று, வீரநாராயண ஏரிக்கரையில். 2 பக்கத்தைச் சத்தமில்லாமல் தாண்டிட்டேன்.

"ஏங்கண்ணு, ஏரியைக் காணோம்?" என்று அம்மாயி கேட்டுச்சு.

வெட்கமாப் போச்சு. எனக்குப் போரடிச்ச அந்த ஏரிதான் அம்மாயிக்குக் கதையே. முன்னெல்லாம் ஆடி 18-க்கு நம்ம அமராவதி ஆத்துக்குக் கட்டுச்சோத்தோட போகுமாம். இப்போ முழங்கால் விடுவதில்லை.

என் தோழி ஹாரி பாட்டர் 7 புத்தகமும் முடித்தவள். அவளே பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர் என்று குழம்பி 40-ஆம் பக்கத்தில் மூடிவிட்டாள். அண்ணனோ, "அதான் 2022-லயும் 2023-லயும் படமாவே வந்துருச்சே" என்கிறான். ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று 26 நாவலாக எழுதியிருக்கிறார். அதை இவர்களிடம் சொல்லவே இல்லை!

நேற்று இரண்டாம் பாகம். கோடிக்கரை, கடல், பூங்குழலியின் படகு. ஒரு வரி விடாமல் வாசித்தேன். பாதியில் அம்மாயி தூங்கிருச்சு. அந்தப் பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சியை வைத்து மூடினேன்.

- 9-ஆம் வகுப்பு மாணவி