கண்ணில் பூ விழுமுன்: கருவிழிப் புண்ணின் நாட்குறிப்பு

முதல் நாள்

மதுரை வட்டாரத்து வயல்களில் அறுவடையின்போது நெல் தாளின் நுனி கண்ணில் உரசுவது அன்றாடம் நிகழ்வதே எனினும், ஒளியை உள்ளே விடும் கருவிழியின் மேல்தோல் அவ்வுரசலில் கீறப்பட்டால் பாக்டீரியாக்கள் நுழைய வழி திறக்கிறது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கருவிழியில் இரத்த நாளங்கள் இல்லாததால்தான் அது தெளிவாக இருக்கிறது. ஆனால் அதே காரணத்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அங்கு வந்து சேரத் தாமதமாகிறது. நேபாளத்தின் பக்தபூரில் நடைபெற்று 2001-இல் வெளிவந்த ஆய்வில், கீறல்பட்ட 18 மணி நேரத்துக்குள் குளோராம்பெனிகால் களிம்பு இடத் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை.

இரண்டாம் நாள்

கண் சிவந்து நீர் வடிவதால் கருவிழிப் புண்ணை 'மெட்ராஸ் ஐ' என்று கருதிவிடுவோர் பலர். வெண்விழியை மூடியுள்ள மெல்லிய சவ்வின் அழற்சியான மெட்ராஸ் ஐ பெரும்பாலும் பார்வையைக் குறைப்பதில்லை. கருவிழிப் புண்ணிலோ வலி மிகுந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கி, கருவிழியில் வெண்புள்ளி தோன்றுகிறது. தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடும் வழக்கம், புதிய கிருமிகளைச் சேர்ப்பதோடு சிகிச்சைக்குரிய நேரத்தையும் வீணாக்குகிறது.

மூன்றாம் நாள்

மருத்துவர் ஃபுளோரசின் என்னும் சாயத்தை இட்டு நீல ஒளியில் நோக்க, மேல்தோல் இழந்த பகுதி பச்சையாக ஒளிர்கிறது. பின்னர் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, புண்ணைச் சுரண்டி எடுத்த துகளைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிராம் சாயமேற்றி நுண்ணோக்கியில் காண்கின்றனர். மதுரையில் 434 நோயாளிகளிடம் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி வளர்ந்த மாதிரிகளில் பாக்டீரியா மட்டும் இருந்தவை 47.1 விழுக்காடு, பூஞ்சை மட்டும் இருந்தவை 46.8 விழுக்காடு என்பதால், கண்ணால் பார்த்த அளவில் மருந்தைத் தீர்மானிப்பது அங்கே ஆபத்தானது.

நான்காம் நாள்

பாக்டீரியா உறுதியானபின் மாக்சிஃப்ளாக்சசின் போன்ற சொட்டு மருந்தை முதல் இரு நாட்கள் இரவு பகலாக மணிக்கொரு முறை விட வேண்டியிருப்பதால், வீட்டார் விழித்திருந்து உதவுவதும் சிகிச்சையின் பகுதியாகிறது. கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு, சிவப்பைத் தணித்து நலம்பெற்றதாகத் தோன்றச் செய்தாலும், பூஞ்சைப் புண்ணாயின் நோயைத் தீவிரமாக்கிவிடும். பாக்டீரியாப் புண்ணிலும், 500 பேரிடம் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், ஆன்டிபயாட்டிக்குடன் ஸ்டீராய்டு சேர்த்ததால் மூன்று மாத முடிவில் ஒட்டுமொத்தப் பார்வையில் கூடுதல் பயன் காணப்படவில்லை.

பத்தாம் நாள்

வலி தணிந்து, புண்ணின் விளிம்பு தெளிந்து, மேல்தோல் மூடத் தொடங்கியதும் சொட்டுகளின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. எனினும் கிருமி அழிந்த இடத்தில் தழும்பு எஞ்சுகிறது; ஊர்ப்புறத்தில் 'கண்ணில் பூ விழுந்தது' என்று சொல்லப்படும் அத்தழும்பு கருவிழியின் நடுவே அமைந்து பார்வையை மறைத்தால், தானமாகப் பெற்ற கருவிழியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். முதல் நாளிலேயே கிராமச் சுகாதாரப் பணியாளரின் கையில் ஒரு களிம்புக் குழாய் இருக்குமாயின், இத்தகைய இழப்புகளில் பலவற்றைத் தவிர்க்க இயலும்.